வாகன வளிச்சீராக்கியின் ஒடுக்கியை மாற்றுதல்: மறைவெப்பம், அமுக்கம், அரிப்பு

மறைவெப்பம், நிரம்பலாவி அமுக்கம், உலோகங்களின் தாக்கவீதத் தொடர், ஓசோன் படை ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளில் கற்றிருப்பீர்கள். இந்நான்கும் ஒரே வேலையில் சேர்ந்து வரும் சந்தர்ப்பம் ஒன்றை இப்பாடத்தில் பார்ப்போம். அது ஒரு வாகன வளிச்சீராக்கியின் பழுதடைந்த ஒடுக்கியை மாற்றும் வேலையாகும். பரீட்சையில் ஒடுக்கியைப் பற்றி நேரடியாகக் கேட்காமல் விடலாம். ஆனால் "ஏன்?" என்று தொடங்கும் வினாக்களுக்கு விடை எழுதும் பழக்கத்தை இவ்வுதாரணம் நன்றாகவே தரும்.

பழுது எங்கே தொடங்குகிறது?

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 வீதி, மாங்கேணியைத் தாண்டிப் பனிச்சங்கேணியில் களப்பைப் பாலத்தின் மேலாகக் கடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் கடலலை தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வீதிக்கு வருகின்றன. நீர் ஆவியானதும் உப்பு மட்டும் எஞ்சுகிறது. வீட்டு யன்னற் கம்பிகளில் படியும் அதே உப்புத்தான் வாகனத்தின் முன்பக்கத்திலும் படிகிறது. இவ்வீதியில் தினமும் ஓடும் ஒரு வானை எமது உதாரணமாகக் கொள்வோம்.

வாகனத்தின் முன்வலைக்குப் பின்னால், இயந்திரத்தின் ரேடியேற்றருக்கும் முன்பாக, மெல்லிய குழாய்களும் அவற்றுக்கிடையே தகட்டுச் செட்டைகளும் கொண்ட அலுமினியப் பகுதி ஒன்று இருக்கும். இதுவே ஒடுக்கி. கராஜ்களில் இதனைக் கொண்டென்சர் என்பர். காற்றை முதலில் சந்திக்கும் இடத்தில் இருப்பதால் உப்பையும் மணலையும் கல்லையும் முதலில் வாங்கிக்கொள்வதும் இதுவே.

அலுமினியம் தாக்கவீதத் தொடரில் இரும்புக்கு மேலே உள்ளது. அப்படியிருந்தும் சாதாரண வளியில் அது இரும்பைப் போல உக்கிப்போவதில்லை. அதன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய அலுமினியம் ஒட்சைட்டுப் படை உள்ளிருக்கும் உலோகத்தைப் பாதுகாப்பதே காரணம். உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் இப்படையை ஆங்காங்கே உடைக்கின்றன. உடைந்த இடத்தில் ஊசிமுனை போன்ற குழி தோன்றி ஆழமாகிக் கொண்டே போகும். உருக்கு ஆணியோ தாங்கியோ அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். அங்கே உப்புநீர் மின்பகுபொருளாகத் தொழிற்பட, ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. தாக்கவீதம் கூடிய அலுமினியம் அனோட்டாகி இலத்திரன்களை இழந்து கரைகிறது. உருக்கு கதோட்டாகித் தப்பிக்கொள்கிறது. இரும்புக் கப்பலின் உடலில் நாகத் துண்டுகளைப் பொருத்தும் தத்துவமும் இதுவே. வேறுபாடு, கப்பலில் நாகத்தை வேண்டுமென்றே பலிகொடுக்கிறோம். இங்கே பலியாவது நமக்கு வேண்டிய ஒடுக்கி.

ஓட்டம் முடிந்த நாட்களில் ஒடுக்கியை நன்னீரால் மெதுவாகக் கழுவினால் இவ்வரிப்பு தாமதமாகும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர் என்பதை மறக்க வேண்டாம். உப்பைக் கழுவ உப்புநீரைப் பயன்படுத்துவதில் பயனில்லை. மிகை அமுக்கத்தில் நீரைப் பீய்ச்சினால் செட்டைகள் மடிந்து காற்றோட்டம் தடைப்படும்.

ஒடுக்கியின் தொழில்

வளிச்சீராக்கி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. இவ்வேலையைச் செய்யும் குளிரூட்டற் பதார்த்தத்தைக் கராஜ்களில் பொதுவாகக் 'காஸ்' என்பர். உண்மையில் அது சுற்றின் ஒரு பகுதியில் வாயுவாகவும் இன்னொரு பகுதியில் திரவமாகவும் இருக்கும். 1990களின் நடுப்பகுதி முதல் பெரும்பாலான கார்களில் பயன்படுத்தப்பட்டது ஆர்-134ஏ எனும் ஐதரோபுளோரோகாபன் ஆகும். இதன் கொதிநிலை அமுக்கத்துடன் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கீழே காண்க. தரப்பட்டுள்ளவை தனி அமுக்கங்கள், பெறுமானங்கள் அண்ணளவானவை.

கொதிநிலை –26 பாகை செல்சியஸ்: அமுக்கம் 101 கிலோபஸ்கால்
கொதிநிலை 0 பாகை செல்சியஸ்: அமுக்கம் 293 கிலோபஸ்கால்
கொதிநிலை 30 பாகை செல்சியஸ்: அமுக்கம் 770 கிலோபஸ்கால்
கொதிநிலை 60 பாகை செல்சியஸ்: அமுக்கம் 1680 கிலோபஸ்கால்

இவ்வட்டவணையை விளங்கிக்கொண்டால் வளிச்சீராக்கியின் பெரும்பகுதி விளங்கிவிடும். பயணிகள் பக்கமுள்ள ஆவியாக்கியில் அமுக்கம் குறைவாக வைக்கப்படுகிறது. எனவே பதார்த்தம் 0 பாகைக்குச் சற்று மேலேயே கொதித்து, அதற்கு வேண்டிய மறைவெப்பத்தை வானின் உள்வளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பின்னர் அமுக்கி, அதாவது கொம்பிரசர், அவ்வாயுவை ஏறத்தாழ 1700 கிலோபஸ்கால் வரை நெருக்குகிறது. இப்போது அது 60 பாகையிலேயே திரவமாக ஒடுங்கும். வெளிவளி 34 பாகை. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிரான பொருளுக்கே தானாகப் பாயும் என்பதால், 60 பாகையிலுள்ள பதார்த்தம் 34 பாகை வளிக்கு வெப்பத்தைக் கொடுத்து ஒடுங்குகிறது. இது நடக்கும் இடமே ஒடுக்கி. ஒடுங்கிய திரவம் உலர்த்தி ஊடாகச் சென்று, விரிவு வால்வின் ஒடுங்கிய துவாரத்தைக் கடக்கையில் அமுக்கம் வீழ்ந்து, மீண்டும் ஆவியாக்கியை அடைகிறது.

ஒரு கணிப்பைச் செய்து பார்ப்போம். ஆவியாக்கியில் ஒவ்வொரு கிராம் பதார்த்தமும் 150 யூல் வெப்பத்தை உறிஞ்சுவதாகவும், செக்கனுக்கு 25 கிராம் சுற்றுவதாகவும் கொள்க. அப்போது உள்ளிருந்து அகற்றப்படும் வெப்பம் செக்கனுக்கு 25 × 150 = 3750 யூல், அதாவது 3.75 கிலோவாற்று. அமுக்கி பதார்த்தத்தின் மீது செய்யும் வேலை 1.25 கிலோவாற்று எனின், ஒடுக்கி வெளியேற்ற வேண்டியது 3.75 + 1.25 = 5.0 கிலோவாற்று. சக்திக் காப்பு விதிப்படி இதில் ஒரு யூலும் குறைய முடியாது. மாணவர்கள் பலர் அமுக்கியின் பங்கைக் கூட்ட மறந்து 3.75 என்றே எழுதிவிடுகின்றனர்.

செட்டைகள் உக்கி உதிர்ந்த ஒடுக்கியில் மேற்பரப்பளவு குறைந்துவிடும். அதே 5 கிலோவாற்றை வெளியேற்ற அது இன்னும் கூடிய வெப்பநிலைக்கு ஏற வேண்டும். அட்டவணைப்படி வெப்பநிலை ஏறினால் அமுக்கமும் ஏறும். அமுக்கியின் சுமை கூடும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிவளியே கொதிப்பதால், பாதி பழுதான ஒடுக்கி அப்போதுதான் தன் குறையைக் காட்டும்.

மாற்றும் முன் உறுதிசெய்தல்

குளிர் குறைந்தவுடன் ஒடுக்கியை மாற்றச் சொல்வது சரியான முறையன்று. பட்டி தளர்ந்திருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம், ஒடுக்கியின் விசிறி நின்றிருக்கலாம். இவற்றைப் பார்க்கப் பணம் செலவாகாது. ஒடுக்கி கசியுமாயின் அவ்விடத்தில் எண்ணெய்க் கறையும் அதில் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் காணப்படும். அமுக்கிக்கான எண்ணெய் பதார்த்தத்துடன் சேர்ந்தே சுற்றுவதால் கசிவில் அதுவும் வெளிவரும். அவ்விடத்தில் சவர்க்கார நீரைப் பூசினால் குமிழ்கள் தோன்றும்.

வாகனத்தின் கீழே நீர் சொட்டுவதைக் கசிவென்று நினைத்துப் பயப்படுவோரும் உண்டு. அது ஆவியாக்கியின் குளிர்ந்த மேற்பரப்பில் வளியிலுள்ள நீராவி ஒடுங்கியதால் உண்டான நீர். மழைக்கால ஈரலிப்பில் அது கூடச் சொட்டும். அது பழுதல்ல.

அமுக்கமானி பற்றி ஒரு முக்கியமான விடயம். வான் நீண்ட நேரம் நிழலில் நிற்கிறது, இயந்திரம் ஓடவில்லை, சூழல் வெப்பநிலை 30 பாகை எனக் கொள்வோம். நீல நிறத் தாழ்அமுக்கமானியும் சிவப்பு நிற உயர்அமுக்கமானியும் ஏறத்தாழ ஒரே வாசிப்பைக் காட்டும். அது சுமார் 670 கிலோபஸ்கால். அட்டவணையில் 770 அல்லவா இருக்கிறது? மானி வளிமண்டல அமுக்கத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளப்பதால் 100 குறைந்து தெரிகிறது. சரி, இவ்வாசிப்பிலிருந்து உள்ளே எவ்வளவு பதார்த்தம் உள்ளது எனக் கூற முடியுமா? முடியாது. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை அமுக்கம் வெப்பநிலையில் மட்டுமே தங்கியிருக்கும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் மானி அதே 670ஐத்தான் காட்டும். வாசிப்பு இதைவிட மிகக் குறைந்திருந்தால், உள்ளே திரவமே எஞ்சவில்லை என்பது மட்டும் உறுதி. "மானி நன்றாகத்தானே காட்டுகிறது" என்று கூறி அரைகுறைக் காஸுடன் வாகனத்தை அனுப்புவது இவ்வுண்மையை அறியாததால் நேர்வது.

கழற்றுதல்

முதலில் உள்ளிருக்கும் பதார்த்தத்தை மீட்டெடுக்கும் இயந்திரத்தால் ஓர் உருளைக்குள் சேகரிக்க வேண்டும். குழாயைத் தளர்த்தி வெளியே விடுவது இலகு; ஆனால் தவறு. வளிமண்டல அமுக்கத்தில் அது –26 பாகையில் கொதிக்கும் என்பதை அட்டவணை காட்டுகிறது. தோலில் பட்டால் தோலின் வெப்பத்தை எடுத்தே ஆவியாகும். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். எனவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். சுவாலையில் பட்டால் அது பிரிந்து ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்களைத் தரும். அருகில் புகைப்பிடித்தலும் ஒட்டுவேலையும் கூடாது.

சூழல் சார்ந்த காரணம் இதைவிடப் பெரியது. 1990களுக்கு முந்திய வாகனங்களில் ஆர்-12 எனும் குளோரோபுளோரோகாபன் பயன்படுத்தப்பட்டது. அதிலிருந்து பிரியும் குளோரீன் அணுக்கள் ஓசோன் படையை அழிக்கும் என்பதை மொலினா, ரோலண்ட் ஆகிய இருவரும் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. வளர்முக நாடுகளும் 2010 ஆம் ஆண்டுடன் குளோரோபுளோரோகாபன் பாவனையை நிறுத்தின. ஆர்-134ஏ இல் குளோரீன் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் அது வலிமையான பச்சைவீட்டு வாயு. 100 ஆண்டு காலத்துக்கு, ஒரு கிலோகிராம் ஆர்-134ஏ 1430 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகக் கணிக்கப்படுகிறது. ஒரு காரிலுள்ள 500 கிராமை வெளியே விட்டால் 0.5 × 1430 = 715 கிலோகிராம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிகையில் சுமார் 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். ஆகவே ஒரு நிமிடக் கவனயீனம் ஏறத்தாழ 310 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமம். இதனாலேயே 2016இல் கிகாலித் திருத்தம் கொண்டுவரப்பட்டு ஐதரோபுளோரோகாபன்களும் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. இலங்கை அதனை 2018இல் ஏற்றுக்கொண்டது.

மீட்டெடுத்து முடிந்ததும் மின்கலவடுக்கின் மறைமுனை கழற்றப்படும். முன்வலையும் தேவையாயின் முன் தாங்கியும் அகற்றப்படும். ஒடுக்கியின் குழாய் இணைப்புகளைத் தளர்த்த இரண்டு ஸ்பனர்கள் வேண்டும். ஒன்று சுழற்ற, மற்றது எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ள. ஒரே ஸ்பனரால் திருகினால் விசையின் திருப்பம் முழுவதும் மெல்லிய அலுமினியக் குழாய்க்குப் போய் அதனை முறுக்கிவிடும். உப்பினால் இறுகிய ஆணிகளுக்கு ஊடுருவும் எண்ணெய் இட்டுப் பொறுத்திருப்பதே நன்று. குழாய் வாய்கள் திறந்த உடனே மூடிகளால் அடைக்கப்பட வேண்டும்.

நீர் ஏன் எதிரி?

குழாய் வாய்களை ஏன் இத்தனை அவசரமாக அடைக்க வேண்டும்? வேலையின் மிக முக்கியமான பகுதி இதுதான். ஒடுக்கியைக் கழற்றிப் பூட்டுவது ஆணி வேலை மட்டுமே. புதிய ஒடுக்கி சில மாதங்களில் மீண்டும் பழுதாகுமா, பல வருடங்கள் உழைக்குமா என்பதை உள்ளே போகும் ஈரம் தீர்மானிக்கிறது.

களப்போர வளியில் நீராவி அதிகம். ஆர்-134ஏ உடன் பயன்படும் எண்ணெய் நீரை உறிஞ்சும் இயல்புடையது. உள்ளே சென்ற நீர் இரண்டு விதமாகத் தீங்கு செய்யும். ஒன்று, விரிவு வால்வின் துவாரத்தில் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கினால் நீர் பனிக்கட்டியாகித் துவாரத்தை அடைக்கும். குளிர் வரும், நின்றுவிடும், சற்று நேரம் நிறுத்தி மீண்டும் போட்டால் திரும்ப வரும். பனிக்கட்டி உருகுவதால்தான் இந்த ஒளித்து விளையாட்டு. மற்றது, நீர் பதார்த்தத்துடனும் எண்ணெயுடனும் காலப்போக்கில் தாக்கமுற்று அமிலங்களைத் தோற்றுவிக்கும். அவை குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். வெளியே கடல் உப்பு, உள்ளே அமிலம் என்றால் எந்த அலுமினியம் தாங்கும்?

இதற்காகவே சுற்றில் உலர்த்தி உள்ளது. அதற்குள் இருக்கும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள் நீர் மூலக்கூறுகளைத் தம் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும். துளைகள் நிரம்பியபின் அதனால் பயனில்லை. கசிந்து திறந்து கிடந்த சுற்றின் உலர்த்தி பெரும்பாலும் நிரம்பியிருக்கும் என்பதால், ஒடுக்கியை மாற்றும்போது உலர்த்தியையும் மாற்ற வேண்டும். ஒடுக்கிக்குப் பணம் கொடுத்துவிட்டு உலர்த்தியில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். புதிய உலர்த்தியின் மூடியை எல்லா இணைப்புகளும் தயாரான பின், கடைசியாகவே திறக்க வேண்டும். முந்திய நாளே திறந்து வைத்தால் பொருத்தும் முன்பே அது களப்பு வளியின் நீரைக் குடித்து முடித்திருக்கும்.

பொருத்துதலும் வெற்றிடமாக்கலும்

புதிய ஒடுக்கியைப் பழையதுடன் ஒப்பிட்டு, குழாய் வாய்களும் தாங்கிகளும் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பழைய ஒடுக்கியுடன் போன எண்ணெயின் அளவை வாகனக் கைந்நூலின்படி சேர்க்க வேண்டும். இறப்பர் ஓ வளையங்களைப் புதிதாக இட்டு, அதே எண்ணெயைப் பூசி இறுக்க வேண்டும்.

அடுத்து வெற்றிடப் பம்பி இணைக்கப்படும். இதன் நோக்கம் வளியை அகற்றுவது மட்டுமன்று. நீரைக் கொதிக்க வைப்பதும் ஆகும். நீர் 100 பாகையில் கொதிப்பது வளிமண்டல அமுக்கத்தில் மட்டுமே. 30 பாகையில் நீரின் நிரம்பலாவி அமுக்கம் 4.2 கிலோபஸ்கால். சுற்றினுள் தனி அமுக்கம் இதற்குக் கீழே இறங்கினால், அடுப்பே இல்லாமல் நீர் 30 பாகையில் கொதித்து ஆவியாகும். கராஜ் மானியில் இது சுமார் 28.7 அங்குல இரச வெற்றிடமாகத் தெரியும். அவ்வமுக்கத்தில் ஒரு கிராம் நீர் ஏறத்தாழ 33 லீற்றர் ஆவியாக விரியும். அத்தனையையும் பம்பி இழுத்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது ஏன் போதாது என்பது இப்போது விளங்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டுவது வழக்கம். ஈரம் கூடிய இடங்களில் இன்னும் கூடிய நேரம் நல்லது.

பின் வால்வை மூடி, பம்பியை நிறுத்தி, மானியைக் கால் மணி நேரம் அவதானிக்க வேண்டும். வாசிப்பு அசையாதிருந்தால் நல்லது. சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் நீர் உள்ளது. நீராவி அமுக்கம் சமநிலைக்கு வந்ததால் நின்றது. நிற்காமல் வளிமண்டல அமுக்கம் வரை ஏறினால் ஓர் இணைப்பு கசிகிறது. ஒரே மானி இரண்டு வெவ்வேறு குறைகளைப் பிரித்துச் சொல்கிறது.

நிரப்புதல்

பதார்த்தத்தை நிறுத்தே நிரப்ப வேண்டும். மானியைப் பார்த்து நிரப்ப முடியாததன் காரணத்தை மேலே கண்டோம். வாகனத்தின் முன்மூடியின் கீழ் ஒட்டப்பட்டுள்ள அட்டையில் எத்தனை கிராம், எவ்வகைப் பதார்த்தம் என எழுதப்பட்டிருக்கும். புதிய வாகனங்கள் பலவற்றில் ஆர்-1234வைஎப் உள்ளது. அதனை ஆர்-134ஏ உடன் கலக்கக் கூடாது. விலை குறைவென்று சமையல் எரிவாயுவை ஏற்றுவது மிக ஆபத்தானது. ஆவியாக்கி கசிந்தால் எரியும் வாயு பயணிகளின் இருக்கைப் பக்கமே வரும்.

இயந்திரம் ஓடும்போது தாழ்அமுக்கப் பக்கத்தால், வாயு நிலையில் மட்டுமே நிரப்ப வேண்டும். திரவத்தை நெருக்க முடியாது என்பதால், அமுக்கிக்குள் திரவம் புகுந்தால் அதன் வால்வுகள் உடையும். உயர்அமுக்க வால்வை அப்போது திறந்தால் 1600 கிலோபஸ்கால் அமுக்கம் உருளையை நோக்கித் திரும்பி, அது வெடிக்கவும் கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. நிறுத்தி வைக்கப்பட்ட வாகனமொன்றில் இரு மானிகளும் 670 கிலோபஸ்கால் காட்டுகின்றன. "காஸ் நிறைய உள்ளது" என்னும் முடிவு சரியா? காரணம் தருக.
2. ஆவியாக்கி 4.0 கிலோவாற்று வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒடுக்கி 5.4 கிலோவாற்றை வெளியேற்றுகிறது. அமுக்கி 10 நிமிடங்களில் பதார்த்தத்தின் மீது செய்யும் வேலை எவ்வளவு?
3. அலுமினிய ஒடுக்கி உருக்குத் தாங்கியைத் தொடும் இடத்தில் இறப்பர்த் துண்டு வைக்கப்படுவது ஏன்?
4. வெற்றிடமாக்கிய சுற்றில் மானி சற்று ஏறி நின்றுவிட்டது. அடுத்துச் செய்ய வேண்டியது யாது?

விடைக் குறிப்புகள்

1. சரியன்று. திரவமும் ஆவியும் சேர்ந்துள்ள வரை அமுக்கம் வெப்பநிலையில் மட்டுமே தங்கியுள்ளது, திணிவில் தங்கியிருக்காது.
2. வலு 5.4 – 4.0 = 1.4 கிலோவாற்று. வேலை 1.4 × 600 = 840 கிலோயூல். நிமிடங்களைச் செக்கன்களாக மாற்றாதோர் 14 என எழுதுவர், புள்ளி கிடையாது.
3. இரு உலோகங்களுக்குமிடையே இலத்திரன் பாயும் பாதையைத் துண்டிக்க. அதிர்வைக் குறைப்பது இரண்டாவது பயன். அதனை மட்டும் எழுதினால் முழுப்புள்ளி இல்லை.
4. உள்ளே நீர் எஞ்சியுள்ளது. வால்வைத் திறந்து பம்பியை மீண்டும் நீண்ட நேரம் ஓட்டி, மறுபடி மூடி அவதானிக்க வேண்டும்.